காது மேலே இருக்கும் முயல்

கண்ணுக்குத் தாம்பாளம் போலத் தெரிகிற நிலா, கேமராவுக்குள் போனதும் கடுகாகிவிடுகிறது. ஏன் என்றுதான் அருள்மொழிக்கு விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறே முக்கால். ஆவடியில் ஏரிக்குக் கிழக்கே இருக்கிற ஐந்து மாடி அடுக்ககத்தின் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, எடுத்த அறுபத்திரண்டு படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஸ்வாதியும் அவள் கணவன் பிரசன்னாவும் அழகாகத்தான் நின்றார்கள். ஸ்வாதியின் ஏழு மாத வயிறு, காற்றில் பறக்கும் முந்தானை, எல்லாம் இருந்தன. அவர்கள் தலைக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் நிலா. தெரியாதவன் பார்த்தால் லென்ஸில் தூசி என்று துடைக்கப் போவான்.

நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். அங்கே நிலா பெரிதாக, மாடித் தண்ணீர்த் தொட்டியை உரசிக்கொண்டு போவது போல நின்றது. மறுபடியும் குனிந்தாள். கடுகு.

"இன்னும் கொஞ்சம் மேல ஏறிப் பாப்போமா? தண்ணித் தொட்டி மேல ஏறு, நிலாவுக்குக் கிட்டப் போலாம்" என்றான் உதயகுமார். மண்ணூர்பேட்டையில் இருக்கும் சின்ன ஸ்டுடியோவில் அவளும் அவனும் கூட்டாளிகள். அவள் படம் எடுப்பாள். விளக்கு, வண்டி, வாய் மூன்றும் அவன் பொறுப்பு.

"டேய், நிலா மூணு லட்சத்து எம்பத்தி நாலாயிரம் கிலோமீட்டர்ல கீது. நீ பத்தடி ஏறினா கிட்ட வந்துருமா?"

"அவனுங்க ராக்கெட்டு உட்டு நிலாவோட தென்துருவத்துலயே எறக்கிட்டானுங்க. உன்னால அத ஒரு போட்டோவுல எறக்க முடியல. அப்புறம் என்கிட்ட கணக்கு சொல்றே."

ஸ்வாதி நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மற்றவர்கள் எழுதும் நிரலில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அது முடிந்ததும் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

"வேற நிலாவை எடுத்து ஒட்டிர மாட்டீங்கள்ல?" என்றாள். அன்றைக்கு மூன்றாவது தடவையாக.

"மாட்டேங்க."

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. பிறந்தப்புறம் நிலாவைக் காட்டித்தான் சோறு ஊட்டுவோம். அப்ப இந்தப் படத்தைக் காட்டி, 'நீ வர்றதுக்கு முந்தியே உன்னைக் கூட்டிட்டுப் போய் நிலாகிட்ட காமிச்சேன்'னு சொல்லணும். பிள்ளைகிட்ட சொல்ற முதல் கதையே பொய்யா இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அருள்மொழிக்குக் காது சூடாகியது. ஸ்வாதி எதை வைத்துக் கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

போன வருடம் கோவில்பதாகையில் அருள்மொழியின் பக்கத்து வீட்டு உலகநாதன் தன் மகளுக்குக் கல்யாணம் செய்தார். ஆல்பமும் அருள்மொழிதான். மாலை வரவேற்பில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிற படத்துக்குப் பின்னால் அவள் ஒரு பெரிய நிலாவை ஒட்டினாள். இணையத்தில் திருடிய நிலா இல்லை; அவளே எடுத்தது. விடியற்காலை முகூர்த்தம் ஒன்றை முடித்துவிட்டு ஐந்தரை மணிக்குத் திரும்பும்போது, மேற்கே இறங்கிக்கொண்டிருந்த நிலாவைப் பிடித்து வைத்திருந்தாள். ஆல்பம் பிரித்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். உலகநாதன் மட்டும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக இராக்காவல் பார்க்கிற ஆள் அவர். நிலா ஏறுவதையும் பார்ப்பவர், இறங்குவதையும் பார்ப்பவர்.

"இன்னா அருளு, நிலாவுல முயலு தலைகீழா தொங்குது?" என்றார். "சாயங்காலம் ஏறும்போது காது மேல இருக்கும். விடிகாலைல எறங்கும்போதுதான் காது கீழ வரும். என் பொண்ணு ரிசப்ஷன் இன்னா விடிகாலை அஞ்சு மணிக்கா நடந்துச்சு?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து கோவில்பதாகையில் அவள் ஸ்டுடியோவுக்குப் பெயரே 'தலைகீழ் முயல்'. அந்த உலகநாதன்தான் இப்போது இந்த அடுக்ககத்தின் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். ஸ்வாதிக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

உண்மையான நிலாவை எடுத்துக் காட்டினால்தான் அந்தப் பெயர் ஒழியும். இனி இரண்டே சாயங்காலம்.

கீழே இறங்கும்போது உலகநாதன் நாற்காலியிலிருந்து தலையை நீட்டினார். "இன்னாம்மா, முயலு ஏந்திரிச்சிச்சா?"

"ஏந்திரிக்கும் மாமா" என்று வண்டியை உதைத்தாள்.

வீட்டில் அம்மா வேம்புலியம்மாள் பொங்கல் வைத்திருந்தாள். அருள்மொழி சாப்பிடாமல் தட்டைக் கிளறினாள். எழுந்து போய் ஜன்னலில் நிலாவைப் பார்த்தாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"ஒரு எடத்துல குந்திகினு துன்னேண்டி. கால்ல சக்கரமா கட்டிகினு கீறே?"

வாயில் அகப்பட்ட மிளகு ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். கையை முழுக்க நீட்டி, இரண்டு விரல் நுனியில் அந்த மிளகைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஜன்னல் நிலாவின் மேல் வைத்தாள்.

நிலா மறைந்துபோனது. முழுசாக.

"அம்மா, நிலா ஒரு மெளகு சைஸுதாம்மா!"

"துன்ற சோத்துல இன்னாடி வெளாட்டு?"

அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. விடியற்காலை ஐந்தரைக்குத் தெருவில் வந்து நின்றாள். மேற்கே நிலா, வீடுகளுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது, பெரிதாக, பித்தளைத் தட்டு மாதிரி. உலகநாதன் சொன்னது சரிதான்: முயலின் காது கீழ்நோக்கித் தொங்கியது. டப்பாவிலிருந்து எடுத்து வந்த மிளகை நீட்டிப் பார்த்தாள். நேற்று உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நிலாவை மறைத்த அதே அளவு மிளகு, இந்தப் பித்தளைத் தட்டையும் மறைத்தது.

அப்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அடிவானத்தில் நிலா பெரிதாவதே இல்லை. வீடு, மரம், கம்பம் இவற்றுக்குப் பக்கத்தில் பார்க்கும்போது நம் மூளை அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஏன் அப்படிச் செய்கிறது என்று படித்தவர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேமராவுக்கு மூளை கிடையாது. அது மிளகை மிளகாகத்தான் எடுக்கும்.

அம்மாவின் தையல் நாடாவை எடுத்து அளந்தாள். மிளகு அரை சென்டிமீட்டர். கண்ணிலிருந்து விரல் நுனி வரை ஐம்பத்தைந்து. வகுத்தால் நூற்றுப்பத்து. போனில் நிலாவின் அகலத்தையும் தூரத்தையும் தேடி எடுத்து வகுத்தாள். அதுவும் நூற்றுப்பத்துதான். எந்தப் பொருளானாலும், அதன் அளவைப் போல நூற்றுப்பத்து மடங்கு தள்ளி நின்று பார்த்தால், அது நிலாவின் அளவுக்கு வந்துவிடும்!

அப்படியானால் நிலாவைப் பெரிதாக்க முடியாது. ஆளைத்தான் சின்னதாக்க வேண்டும். ஆளைச் சின்னதாக்க, கேமரா பின்னால் போக வேண்டும். நேற்று அவள் செய்தது நேர் எதிர்: ஆட்களோடு தானும் மாடியேறி, அவர்களுக்குப் பத்தடி தள்ளி நின்றாள்.

உதயகுமாருக்குப் போன் போட்டாள். "ஸ்வாதி ஒசரம் அஞ்சே காலடி, ஒண்ணு புள்ளி ஆறு மீட்டர். நூத்திப்பத்தால பெருக்கினா நூத்தி எழுபத்தாறு. அங்க நின்னா நிலாவும் அவங்களும் ஒரே ஒசரம். ரெண்டு பேரும் நிலாவுக்குள்ள வசதியா நிக்கணும்னா முந்நூறு மீட்டர் போணும். அங்க நிலா ரெண்டே முக்கா மீட்டர் வட்டமா வரும்."

"மணி இன்னா தெரியுமா?"

"அஞ்சே முக்கா."

"நூத்திப்பத்துன்னு சொல்லாத, நூத்தியெட்டுன்னு சொல்லு. கோயில்லயாச்சும் ஒத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஆனால் பத்து மணிக்கு, தூரத்தைக் கிட்டே இழுக்கிற நீளமான லென்ஸ் ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

போன் வரைபடத்தில் பார்த்தால் அடுக்ககத்துக்கு மேற்கே ஏரிக்கரை சரியாக முந்நூறு மீட்டர். கரை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. நடுவே எல்லாம் ஒரு மாடி வீடுகள். ஐந்து மாடிக் கட்டடம் மட்டும் வானத்தில் தனியாக நின்றது. மொட்டை மாடியைச் சுற்றிச் சுவர் இல்லை, கம்பித் தடுப்புதான். ஆள் முழுசாகத் தெரியும். செவ்வாய்க்கிழமை நிலா அடுக்ககத் தெருவின் கிழக்குக் கோடியில், நேர்கோடு போட்டது போல எழுந்தது. ஆகவே தெருவின் மேற்குக் கோடி கரையைத் தொடுகிற இடத்தில் கேமரா முக்காலியை நட்டுவிட்டால் தெரு, கட்டடம், நிலா மூன்றும் ஒரே வரிசை. இப்படித்தான் நினைத்தாள்.

புதன்கிழமை. பௌர்ணமி. மணி ஆறு முப்பது. மாடியில் தம்பதிகள், பக்கத்தில் உதயகுமார், கையில் போன். கரையில் அருள்மொழி. நகத்தைக் கடித்துக் கடித்துச் சுண்டுவிரலில் கடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"வருதா?" என்றான் போனில்.

"இரு."

வந்தது. ஆனால் கட்டடத்துக்குப் பின்னால் வரவில்லை. வலது பக்கம், ஏழெட்டு வீடு தள்ளி, யார் வீட்டு மாடியிலோ காயப்போட்ட புடவைக்கு நடுவிலிருந்து எழுந்தது.

முக்காலியைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் ஓடினாள். நிலா வலப்பக்கம் போனால் நாமும் வலப்பக்கம் போக வேண்டும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? பத்து அடி ஓடிப் பார்த்தால் கட்டடத்துக்கும் நிலாவுக்கும் இடைவெளி இன்னும் கூடியிருந்தது. ரயிலில் போகும்போது நிலா நம்மோடு கூடவே வரும், கிட்டே இருக்கிற கம்பங்கள்தான் பின்னால் ஓடும். அதே கதைதான். அவள் எங்கே போனாலும் நிலா நகராது. கட்டடம்தான் எதிர்ப்பக்கம் நகரும். கட்டடத்தை வலப்பக்கம் தள்ள வேண்டுமானால் அவள் இடப்பக்கம் ஓட வேண்டும்.

திரும்பி ஓடினாள். தெருவைத் தாண்டியதும் காலடியை எண்ணத் தொடங்கினாள். முப்பத்தைந்தாவது அடியில் நிலா கட்டடத்தின் நடுவுக்கு நேராக வந்தது. ஆனால் அதற்குள் மூன்று நிமிடம் போய்விட்டது. நிலா தன் உயரத்தைத் தானே தாண்ட இரண்டு நிமிடம் போதும். லென்ஸில் கண் வைத்தபோது அது தம்பதிகளின் தலைக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"எடுத்தியா?"

"போச்சுடா."

மாடிக்குப் போனபோது ஸ்வாதியின் மாமியார் சரசா வந்து நின்றுகொண்டிருந்தார். "போதும்மா. வயித்துப்பிள்ளைக்காரிய ரெண்டு நாளா வெட்டவெளியில நிறுத்தியாச்சு. நாளைக்குப் பிரதமை. பிரதமையில நல்ல காரியம் எதுவும் தொடங்க மாட்டோம்."

"அத்தை, போட்டோதானே" என்றாள் ஸ்வாதி.

"பிள்ளையை நிலாவுக்குக் காமிக்கணும்னு சொன்னது நீதான தாயி. அப்ப அது நல்ல காரியம் இல்லையா?"

ஸ்வாதி தரையைப் பார்த்தபடி மாடிப்படியில் மெதுவாக இறங்கினாள். பிரசன்னா அருள்மொழியிடம், "பரவாயில்லங்க. ஒட்டியே கொடுத்துடுங்க. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான் தணிந்த குரலில்.

அந்த 'பரவாயில்லங்க'தான் அவளை வியாழக்கிழமை பூராவும் உட்கார விடவில்லை. ஸ்டுடியோவில் நாட்காட்டித் தாளின் முன் நின்றாள், நடந்தாள், வந்து நின்றாள்.

திதி என்பது என்ன? வானத்தில் சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே இருக்கும் விலகல். அந்த விலகல் பன்னிரண்டு பாகை கூடினால் ஒரு திதி. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு திதி. நிலா தினமும் பன்னிரண்டு பாகை கிழக்கே நழுவுவதால், அதைப் பிடிக்கப் பூமி அவ்வளவும் கூடுதலாகச் சுழல வேண்டும். ஒரு பாகை சுழல நான்கு நிமிடம், பன்னிரண்டுக்கு நாற்பத்தெட்டு. இரண்டு நாள் நேரங்களையும் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை வெளுத்த நிலா கீழ்வானத்தில் தெரிந்த முதல் படம் 5:47. புதன்கிழமை நிலா அதே உயரத்துக்கு, மாடி விளிம்புக்கு, வந்தபோது குறித்தது 6:35. சரியாக நாற்பத்தெட்டு! இன்றைக்கு 7:23.

இடம்? சூரியன் உதிக்கும் இடம் தெற்கும் வடக்குமாகப் போய்த் திரும்ப ஒரு வருடம் ஆகிறது. நிலா அதே நடையை இருபத்தேழு நாளில் நடந்து முடிக்கிறது. அதனால்தான் ஒரே நாளில் அத்தனை வீடு தள்ளி எழுந்தது. இப்போது அது தெற்கே போய்க்கொண்டிருக்கிறது; நேற்றுத் தள்ளிப் போன அளவுக்கே இன்றும் போகும். அவள் வடக்கே இன்னொரு முப்பத்தைந்து அடி வைக்க வேண்டும்.

கடைசியாக நாட்காட்டியின் அடிவரி. பிரதமை மாலை 6:50 வரை. பின்பு துவிதியை.

சரசாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, நிலா மாடிக்கு வர்றது ஏழு இருபத்திமூணுக்கு. ஆறு அம்பதுக்கே பிரதமை முடிஞ்சிடுது. உங்க காலண்டர்ல பாருங்க."

மறுமுனையில் காலண்டர் தாள் புரளும் சத்தம். பிறகு, "துவிதியை நல்ல திதிதான்" என்றார் சரசா. "ஆனா நிலா தேய ஆரம்பிச்சிருக்குமே?"

"நூத்துல ஒரு பங்குதான் தேஞ்சிருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாது."

"ஏழு பத்துக்கு மேலதான் மாடிக்கு அனுப்புவேன். அதுக்கு முந்தி நிறுத்தக் கூடாது, சொல்லிட்டேன்."

அருள்மொழி ஆறரைக்கே கரைக்குப் போய்விட்டாள். தெருமுனையிலிருந்து வடக்கே எழுபது அடி எண்ணி, ஒரு செங்கல்லை வைத்தாள். எண்ணியது தப்போ என்று திரும்பிப் போய் மறுபடி எண்ணினாள். எழுபது. செங்கல்லுக்கு மேல் முக்காலி.

ஏழு பத்துக்கெல்லாம் வானம் கறுத்துவிட்டது. மாடியில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. இது அவள் கணக்கில் வராத இடைஞ்சல்.

"உதயா, போன் டார்ச்ச அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பிடி."

இருட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு முளைத்தது. அதன் மேல் லென்ஸைக் குவித்தாள். "இப்ப அணைச்சுட்டுக் கீழ குந்து. அவங்கள ஒருத்தர ஒருத்தர் பாத்துகினு பக்கவாட்டுல நிக்கச் சொல்லு. நடுவுல ஒரு முழம் எடவெளி."

"குந்திட்டேன். கொசு தூக்கிகினு போவுது. வருதா?"

"இரு."

ஏழு இருபது. ஒன்றுமில்லை. ஏரிக்குப் பின்னால் பட்டாபிராம் பக்கம் போகிற ரயில் ஒன்று கூவியது. ஏழு இருபத்தொன்று. மேகமா? தூசி மண்டலமா? கணக்கே தப்பா? முப்பத்தைந்து அடி நேற்றைய கணக்கு. இன்றும் அதேதான் என்று நிலா எழுதியா கொடுத்தது?

கட்டடத்தின் விளிம்பில், கம்பித் தடுப்பின் அடியில், செம்பருத்தி நிறத்தில் ஒரு கீற்று எட்டிப் பார்த்தது. இரண்டு மீட்டர் வலப்பக்கம் தள்ளி இருந்தது. இந்தத் தடவை அவள் யோசிக்கவில்லை. முக்காலியோடு இடப்பக்கம் மூன்று அடி வைத்தாள்.

நிலா எழுந்தது. ஆரஞ்சு வட்டத்துக்குள் முதலில் கம்பிகள் கோடு கோடாக வந்தன. பிறகு ஒரு முந்தானையின் ஓரம். பிறகு, வட்டத்துக்கு நடுவே, கறுப்பு நிழலாக இரண்டு பேர், தலையிலிருந்து கால் வரை. ஸ்வாதியின் வயிற்றுக்கும் பிரசன்னாவின் கைக்கும் இடையே நிலா ஒரு கையகலம் தெரிந்தது. பிறகு பிரசன்னா அந்தக் கையை நீட்டி வயிற்றின் மேல் வைத்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அருள்மொழி விரலை எடுக்கவே இல்லை. ஒரு நிமிடம்கூட இருக்காது. நிலா அவர்கள் கால்களை விட்டது, முழங்காலை விட்டது, மேலே போயிற்று.

அடுக்கக வாசலில் எல்லாரும் கேமராவைச் சூழ்ந்தார்கள். ஸ்வாதி அந்தச் சின்னத் திரையைப் பெரிதாக்கினாள், ஓரம் ஓரமாக நகர்த்தினாள், ஒட்டிய தடம் தேடினாள். தப்புக் கண்டுபிடிப்பது அவள் தொழில். கடைசியில் திரையை வயிற்றுக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளும்மா, நானும் பாக்கறேன்" என்று உலகநாதன் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். வெகுநேரம் பார்த்தார். "காது மேலதான் கீது" என்றார்.

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு மாமா. ஸ்டுடியோல மாட்டணும்" என்றான் உதயகுமார். பிறகு அருள்மொழியிடம், "அடுத்த பௌர்ணமிக்கு நான் எடுக்கறேன். இன்னா பண்ணணும், சுருக்கமா சொல்லு" என்றான்.

அவள் கொசுக்கடியைச் சொறிந்துகொண்டே சொன்னாள்.

"ஆளு ஒசரத்தப் போல நூத்திப்பத்து மடங்குக்கு மேல தள்ளி நில்லு. முந்தின ரெண்டு நாளும் நிலா எங்க, எத்தினி மணிக்கு வந்துச்சுன்னு பாத்து வெச்சிக்கோ. மறுநாள் நாப்பத்தெட்டு நிமிசம் கழிச்சு, அது எந்தப் பக்கம் நகந்துச்சோ அதுக்கு எதிர்ப்பக்கமா நீ நகந்து நில்லு. அவ்ளோதான்."